கையில் கட்டினால் தலைக்கு எப்படித் தெரியும்?

சந்துரு கண்ணு,

தூங்குகிற நேரத்தில் அம்மாவுக்கு என்ன எழுத்து என்று நினைக்காதே, மன்னித்துக்கொள். மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது. அப்பா மாத்திரை போட்டுத் தூங்கிய பிறகுதான் இந்த வீட்டில் பேனாவை எடுக்க முடிகிறது. போனில் சொல்லிவிடலாம் என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை பார்த்தேன். நீ ஓசூரில் ஹாஸ்டல் மொட்டை மாடியில் நின்றுகொண்டு "அம்மா, சிக்னல் போவுது, சீக்கிரம் சொல்லு" என்கிறாய். நான் சாப்பிட்டாயா, குளிருகிறதா என்று கேட்டு வைத்துவிடுகிறேன். அதனால் முதல் பக்கத்திலேயே, பின்னால் அடித்துத் திருத்த முடியாதபடி எழுதிவிடுகிறேன். அப்பாவுக்குக் கை கால் விழுந்த அன்று ஆஸ்பத்திரிக்குப் போகத் தாமதமானது உன் மாமாவால் இல்லை. என்னால். நாலு மாசமாக நீ என் தம்பியோடு பேசாமல் இருக்கிறாய். அவனும் ஏன் என்று கேட்காமல் இருக்கிறான். நடுவில் நான் வாயைத் திறக்காமல் இருந்தேன்.

அன்று காலை ஆறு நாற்பது. ரேடியோவில் மாநிலச் செய்தி முடிந்து விளம்பரம் வந்துகொண்டிருந்தது, அதனால் மணி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்பா லாஸ்பேட்டைக் கல்லூரிக்குக் காவல் வேலைக்குக் கிளம்ப, காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு டீயை வாங்கினார். டம்ளர் கீழே விழுந்தது. "வழுக்கிடுச்சு" என்றார். அந்த வார்த்தையே வழுக்கிக்கொண்டு வந்தது. குனிந்து டம்ளரை எடுக்கப் பார்த்தார், கை டம்ளரைத் தாண்டி எங்கேயோ போனது. நிமிர்ந்தபோது வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. நான் போட்ட சத்தத்தில் எதிர் வீட்டு சரோஜா ஓடி வந்தாள். உன் மாமாவுக்கு நான் போன் செய்தேன். பத்தாவது நிமிஷம் அவன் டெம்போ வாசலில் நின்றது. இந்த வரியை இன்னொரு தடவை படி, சந்துரு. பத்தாவது நிமிஷம். ஏற்றியிருந்த ஆட்களை நெல்லித்தோப்பு முனையில் பாதி வழியில் இறக்கிவிட்டுவிட்டு வந்திருந்தான்.

அதற்குள் சரோஜா சொல்லிவிட்டாள். "வாதக் காத்து அடிச்சிருக்குக்கா. இப்ப ஊசி கீசி போட்டா அப்பிடியே நின்னு போயிடும். புறா ரத்தம் சூடு ஆறறதுக்குள்ள தேய்க்கணும். எங்க மாமனாரு அப்பிடித்தான் எழுந்து நடந்தாரு." வடக்கே, மாநில எல்லையை ஒட்டி ஒரு தோப்பில் அதைச் செய்கிறார்களாம். நானும் உன் மாமாவும் அப்பாவைத் தூக்கி டெம்போவில் படுக்க வைத்தோம்.

"அக்கா, நேரா பெரிய ஆஸ்பத்திரிக்கு வுட்டுடறேன்" என்றான் அவன்.

"இல்லடா. வடக்க போ."

"என்னாக்கா நீ, காலேஜ் படிச்சவ மாதிரியா பேசற?"

"வாய மூடிட்டு வண்டிய எடுடா."

எடுத்தான். சின்ன வயதிலிருந்து நான் சொன்னதை அவன் மீறியதில்லை. அன்று ஒரு நாள் மீறியிருக்கலாம்.

நான் படித்தது என்ன என்று உனக்குத் தெரியும். விலங்கியல். இரண்டாம் வருஷம் கல்யாணம், மூன்றாம் வருஷப் பரீட்சைக்கு உன்னை வயிற்றில் சுமந்துகொண்டு போய் உட்கார்ந்தேன். செய்முறைத் தேர்வில் எனக்கு வந்தது புறாதான். அதன் இதயத்தில் எத்தனை அறை, கழுத்தில் எந்தத் தமனி எந்தப் பக்கம் போகிறது என்று படம் வரைந்து பெயர் குறித்து மார்க் வாங்கியவள் நான். அதே நான் அந்தத் தோப்பில், ஒரு ஆள் புறாவின் கழுத்தை அறுத்து அப்பாவின் வலது கையில் தோளிலிருந்து விரல் வரை தேய்ப்பதைக் கை கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று புறா. தேய்த்துவிட்டு, காயட்டும் என்று துணியைச் சுற்றி வெயிலில் உட்கார வைத்தார்கள். எங்களுக்கு முன்னால் வந்த இரண்டு பேரும் அப்படியே காய்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அங்கே யாரும் கடிகாரம் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. ஏன் நம்பினேன் என்று நாலு மாசமாக என்னையே கேட்டுப் பார்க்கிறேன். படிக்காத புத்தி என்று சொல்லிக்கொள்ள வழியில்லை. பயம் என்றால் பாதிதான் சரி. மீதிப் பாதி இப்படி என்று தோன்றுகிறது: ஆஸ்பத்திரியில் "அங்க உட்காரும்மா" என்பார்கள் என்று நினைத்தேன். இங்கே ஒருவன் வந்த உடனே கையைப் பிடித்து ஏதோ செய்தான். ஏதோ நடக்கிறது என்பதே எனக்குப் போதுமாக இருந்தது.

ஒன்றும் நடக்கவில்லை என்று தெரிந்து, அவர் தலை தொங்க ஆரம்பித்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தோம். பதினொன்றரை. அவசரப் பிரிவில் நர்ஸ் துணியை அவிழ்த்ததும் பதறிப்போனாள். "எங்கம்மா அடிபட்டுது? இவ்ளோ ரத்தம், காயத்தக் காணோமே?" என்று கையைத் திருப்பித் திருப்பித் தேடுகிறாள். முழங்கையில் ஒரு சின்ன சாம்பல் நிற இறகு ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பிரிவின் நரம்பியல் டாக்டர் வந்தார், பெண், என்னைவிட நாலைந்து வயது சின்னவராக இருப்பார். "எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுது?" என்று கேட்டார். நான் "ஒன்பதரை இருக்கும்" என்றேன். பொய் சொல்ல வேண்டும் என்று திட்டம் போட்டுச் சொல்லவில்லை, வெட்கத்தில் வாய் அதுவாகச் சொல்லிவிட்டது. அவர் உடனே பரபரப்பானார். ஸ்கேனுக்குச் சொன்னார், அடைப்பைக் கரைக்கிற ஊசி ஒன்று இருக்கிறது, நேரத்தோடு வந்திருக்கிறீர்கள் என்றார். பிறகு அந்த இறகை விரலால் எடுத்துப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார்: "அம்மா, இந்த ஊசிக்கு நேரக் கணக்கு இருக்கு. நேரம் தாண்டிப் போட்டா மூளைக்குள்ள ரத்தம் கசியலாம். உயிரே போகலாம். சரியா யோசிச்சுச் சொல்லுங்க." ஆறு நாற்பது என்று சொன்னேன், தோப்பையும் புறாவையும் சொன்னேன். டாக்டர் இறகைக் குப்பைத் தொட்டியில் போட்டார். ஊசி போடவில்லை. திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

சாயந்திரம் நீ பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வந்தாய். "ஏம்மா லேட்டு? டாக்டர் லேட்டுன்னு சொல்றாங்களே?" என்றாய். "வண்டி கெடைக்க லேட்டாயிடுச்சு" என்றேன். நீ திரும்பி மாமாவைப் பார்த்தாய். "சொந்த மாமா டெம்போ ஓட்டி என்னா புண்ணியம்? இன்னிக்கும் ஆளு ஏத்திட்டுத்தான் வந்தியா?" அவன் என்னைப் பார்த்தான். நான் குளுக்கோஸ் பாட்டிலைப் பார்த்தேன். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான். கோபித்துக்கொண்டு போகிறான் என்று நீ நினைத்தாய். உனக்கு டீயும் பன்னும் வாங்கப் போனான். நீ அதைத் தொடவில்லை.

இவ்வளவையும் இன்று எழுத வைத்தது போன வாரம் நடந்த ஒன்று. அப்பாவைப் பரிசோதனைக்குக் கூட்டிப்போயிருந்தேன். அதே டாக்டர்தான். கை கொஞ்சம் உயர்கிறது, இரத்த அழுத்தம் பரவாயில்லை, நடையைக் கூட்டுங்கள் என்றார். கிளம்பும்போது எனக்கு என்ன தோன்றியதோ, "டாக்டர், கையில என்னா பண்ணாலும் அது தலைக்குப் போய்ச் சேராது இல்லையா?" என்று கேட்டேன். ஆமாம், சேராது, நீங்கள் செய்தது முட்டாள்தனம் என்று ஒரு தடவை அவர் வாயால் சொல்லிவிட்டால் தேவலை என்று இருந்தது. அவர் பேனாவை மூடியவர் திரும்பத் திறந்தார். "இன்னும் அந்தப் புறாவையே நினைச்சிட்டு இருக்கீங்களா? புறா ரத்தம் தோலைத் தாண்டி எங்கயும் போகாது, அது நிச்சயம். ஆனா நீங்க கேட்ட கேள்வி இருக்கே, அதுக்கு சேராதுன்னு முழுசா என்னால சொல்ல முடியாதும்மா" என்றார்.

பிறகு அவர் சொன்னதை உனக்கு அப்படியே எழுதப் பார்க்கிறேன். பி.பி. பார்க்கிற பட்டை இருக்கிறதல்லவா, அதைக் கையில் கட்டி, இரத்தமே ஓடாதபடி ஐந்து நிமிஷம் இறுக்கி வைக்கிறார்கள். அப்புறம் ஐந்து நிமிஷம் தளர்த்திவிடுகிறார்கள். இப்படி நாலைந்து தடவை. அவ்வளவுதான். மருந்து கிடையாது, கத்தி கிடையாது. கை கொஞ்ச நேரம் இரத்தம் இல்லாமல் தவிக்கிறது. அந்தத் தவிப்பு எப்படியோ உடம்பு முழுவதற்கும் சேதியாகப் போகிறது, எங்கேயோ இருக்கிற இதயமும் மூளையும் இரத்தம் குறைந்தால் தாங்கிக்கொள்ளத் தயாராகின்றன என்று நினைக்கிறார்கள். முதலில் மிருகங்களின் இதயத்தில் பார்த்தார்களாம். இப்போது பக்கவாதம் வந்தவர்களுக்கு உதவுமா என்று வெளிநாடுகளில் சில டாக்டர்கள் முயன்று பார்க்கிறார்களாம். உதவும் என்று இன்னும் யாராலும் அடித்துச் சொல்ல முடியவில்லை.

எனக்குப் பரீட்சை ஹாலில் கேள்வித்தாளைப் புரட்டும்போது வருமே, அந்தப் படபடப்பு வந்தது. இருபது வருஷம் கழித்து. "சேதி எது வழியா போவுது டாக்டர்? நரம்பு வழியாவா, ரத்தம் வழியாவா?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். "அதுதாம்மா தெரியல. நரம்புன்னு சிலர் சொல்றாங்க, ரத்தத்துல ஏதோ ஒரு பொருள் போகுதுன்னு சிலர். ரெண்டுமாவும் இருக்கலாம். நீங்க என்ன படிச்சீங்க?" சொன்னேன். "அதானே" என்றார். வெளியே வரிசையில் ஆட்கள் நிற்பதை நானும் மறந்தேன், அவரும் மறந்தார். கடைசியில் நான் கேட்டுவிட்டேன், "அப்ப அந்த ஆளு பண்ணதுக்கும் இதுக்கும் என்னாதான் வித்தியாசம்? அவனும் கையிலதான் பண்ணான், நீங்களும் கையிலதான் பண்றீங்க." அதற்கு அவர் சொன்னது: "அவர்கிட்ட போய், இது வேலை செய்யலன்னா எனக்கு எப்படித் தெரியும்னு கேட்டுப் பாருங்க, அடிக்க வருவாரு. நாங்க அதே கேள்வியைத்தான் எங்களையே கேட்டுட்டு இருக்கோம்." எழுந்து வாசல் வரை வந்து, "வீட்ல இவருக்குக் கட்டிப் பாத்துடாதீங்க. பி.பி. இருக்கு, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறாரு. என்ன?" என்றார். என் முகத்தைப் படித்துவிட்டார் போல.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் உன் நினைவுதான். உனக்கு நாலு வயது இருக்கும். ஒரு நாள் ரொம்ப நேரமாகச் சத்தமே இல்லை. போய்ப் பார்த்தால் கட்டிலுக்குப் பின்னால் உட்கார்ந்து, ஆள்காட்டி விரலில் ரப்பர் பேண்டை ஏழெட்டுச் சுற்று சுற்றி, விரல் நீலமாகிறதை உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறாய். அழக்கூட இல்லை. "அம்மா, விரல் செத்துப்போச்சா?" என்று விசாரிக்கிறாய். என்னால் அதைப் பிரிக்க முடியவில்லை. மாமாதான் அப்பாவின் சவர பிளேடை எடுத்து வந்து மெல்ல ஒவ்வொரு சுற்றாக அறுத்தான். விரல் சிவந்து வந்ததும் நீ கைதட்டி, "உயிர் வந்துடுச்சு! மறுபடி பண்ணலாம் மாமா!" என்றாய். நான் ஓங்கி ஒரு அறை விட்டேன். நீ அதன் பிறகு அப்படி எதையும் என் கண் முன்னால் செய்து பார்த்ததில்லை. இப்போது ஓசூரில் நாள் முழுக்க அழுத்தமானிகளை இறுக்கித் தளர்த்திச் சோதிக்கிற வேலை செய்கிறாய், அதற்குச் சம்பளமும் தருகிறார்கள். அந்த அறைக்காக இன்று மன்னிப்புக் கேட்கிறேன். விரலில் இரத்தம் நின்றால் என்ன ஆகிறது, விட்டால் என்ன ஆகிறது என்று நீ அன்றைக்குக் கேட்ட கேள்வி, பெரிய பெரிய டாக்டர்கள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிற கேள்வி.

நீ வாங்கிக் கொடுத்த பி.பி. மிஷின், பந்தை அமுக்கிக் காற்றடிக்கிற வகை, அலமாரியில் இருந்தது. நேற்று மத்தியானம் அதை என் இடது கையில் கட்டிக்கொண்டேன். அப்பாவுக்கு இல்லை, எனக்குத்தான். பயப்படாதே, செய்தது தப்புதான், இனி செய்ய மாட்டேன், ஆனால் தெரிந்துகொள்ளாமல் என்னால் இருக்க முடியவில்லை. முள்ளை இருநூறு வரை ஏற்றினேன். முதல் நிமிஷம் வெறும் இறுக்கம். இரண்டாவது நிமிஷம் வலி. மூன்றாவதில் விரல்கள் குளிர்ந்து, என் கை என்று சொல்ல முடியாத ஏதோ ஒன்று என் மடியில் கிடந்தது. அந்த நேரம் பார்த்து உன் மாமா உள்ளே வந்தான். தினமும் சவாரிக்கு நடுவில் வந்து அப்பாவைப் பிடித்து நடக்க வைக்கிறவன் அவன்தான். அதையும் நான் உனக்குச் சொன்னதில்லை.

"ஐயோ என்னாக்கா இது, கை கத்தரிக்கா கணக்கா இருக்கு!"

"தொடாத. மணி பாரு. இன்னும் ரெண்டு நிமிஷம்."

"மாமாவுக்குத்தான் மூளையில அடைப்புன்னாங்க. உனக்கு எப்பலேந்து?"

அப்பா கட்டிலில் இருந்தபடி சிரித்தார். ஒரு பக்கம் மட்டும் விரிகிற சிரிப்பு, ஆனால் சத்தத்தோடு. நாலு மாசத்தில் முதல் சிரிப்புச் சத்தம். ஐந்து நிமிஷம் ஆனதும் காற்றைத் திறந்துவிட்டேன். தோளிலிருந்து ஒரு சூடு இறங்கியது பார், விரல் நுனி வரை ஆயிரம் எறும்பு ஓடினது மாதிரி. கை திரும்பி என்னிடம் வந்துவிட்டது. எனக்கு ஐந்து நிமிஷத்தில் வந்துவிட்டது. அதை நினைத்துக்கொண்டு அப்பாவின் வலது கையைப் பார்க்க முடியவில்லை.

"தலைக்கு ஏதாச்சும் தெரியுதாக்கா?" என்றான்.

"பசிக்குது."

"அது கட்டாமயே தெரியுமே உனக்கு."

இரண்டாவது தடவை அவனே பந்தை அமுக்கினான். டெம்போ ஹாரன் அடிக்கிற மாதிரி அமுக்கினான். முள் ஏறியதும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "சந்துருவாண்ட சொல்லிடாதக்கா. வெளியூர்ல தனியா கெடக்கறான். அம்மா மேல கோவம் வந்தா அவன் எங்க போவான்? என் மேலயே இருக்கட்டும், நான் பாத்துக்கறேன்" என்றான். எனக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. கை வலிக்கிறது என்று நினைத்து டக்கென்று காற்றைத் திறந்துவிட்டான். "அஞ்சு நிமிஷம் ஆவலடா" என்றேன். "போதும்க்கா, எவ்ளோ நேரந்தான் தாங்குவ" என்றான். அவன் கையைச் சொன்னானா, வேறு எதையாவது சொன்னானா என்று தெரியவில்லை. கையைத்தான் சொல்லியிருப்பான். அவன் அப்படித்தான்.

எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த அப்பா நல்ல கையை நீட்டினார். "எனக்...கும்" என்றார். டாக்டர் கூடாது என்று சொல்லியிருக்கிறார் என்றேன். அவருக்கு அந்தத் தோப்பில் நடந்ததெல்லாம் நினைவிருக்கிறது, தெரியுமா? அன்று அவருக்கு வாய்தான் வரவில்லை, காது கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அன்றைக்கு அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதனால் இந்தத் தடவை உட்கார்ந்து முழுவதையும் சொன்னேன்: இது என்ன, எப்படிக் கட்டுவார்கள், உதவலாம், உதவாமலும் போகலாம், யாருக்கும் தெரியாது. எதிர்காலத்தில் இங்கே முறையாக, டாக்டர்கள் பக்கத்தில் இருந்து செய்கிற நாள் வந்தால், கேட்டுத்தான் செய்வார்கள், அப்போது நீங்கள் சரி என்பீர்களா? "பை...யனக்... கேளு" என்றார்.

அதனால் கேட்கிறேன். அப்படி ஒரு நாள் வந்தால் அப்பா ஒத்துக்கொள்ளலாமா? உன் வேலை அழுத்தம்தானே, அதையும் கேட்டுவிடுகிறேன்: இருநூறு என்று முள் காட்டினால் அது இருநூறுதான் என்று எப்படி நம்புவது? எனக்குத் தெரிந்ததை எல்லாம் எழுதிவிட்டேன், தெரியாததையும் எழுதியிருக்கிறேன். எதைச் சொன்னாலும், அது தப்பாக இருந்தால் எப்படிக் கண்டுபிடிப்போம் என்பதையும் சேர்த்துச் சொல். எனக்கு அன்றைக்கு அந்த ஒரு கேள்வி தோன்றியிருந்தால் போதும். இன்னொன்று, என்றைக்காவது உன் கண் முன்னால் ஒருவருக்கு வாய் கோணி, கை விழுந்தால், யார் சொல்வதையும் கேட்காதே, நான் சொன்னாலும் கேட்காதே. மணியைப் பார். நேராக ஆஸ்பத்திரிக்குப் போ. பார்த்த மணியை அப்படியே சொல், வெட்கமாக இருந்தாலும்.

நான் உனக்கு எழுதுவது மாமாவுக்குத் தெரியாது. நாளைக்கும் மத்தியானம் வருவான், அப்பாவைத் தோளில் சாய்த்துக்கொண்டு வாசல் வரை பத்து நடை நடத்திவிட்டு, "சந்துரு போன் பண்ணானாக்கா?" என்று கேட்பான். தினமும் கேட்கிறான். பண்ணினான், உன்னையும் கேட்டான் என்று தினமும் ஒரு பொய் சொல்கிறேன். என் மேல் எவ்வளவு கோபம் வேண்டுமானாலும் படு, அதை நான் தாங்கிக்கொள்கிறேன். அவனுடைய பழைய நம்பர்தான், மாற்றவில்லை. அவனுக்கு ஒரு போன் போடு. எனக்குச் சீக்கிரம் பதில் எழுது.

அம்மா